இருபத்தேழாம் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம்

விமர்சகர் வட்டம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறந்த பத்து ஒலிநூல்களின் பட்டியல் வந்த அன்று எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை. பத்தில் நான்கு ஒரே பதிப்பகம் போட்டவை. அந்த நான்கிலும் முதலாவதாக அவருடைய நாவல். காலையிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் நாலு தடவை அடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டுத்தான் எடுத்தார். உடனே எடுத்தால் காத்துக்கொண்டிருந்ததாக நினைத்துவிடுவார்களாம். எடுத்ததும், "அப்படியா, நான் இன்னும் பாக்கலயே" என்பார். பட்டியலை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியவரே அவர்தான்.

அவர் மனைவி மேசையில் காபியை வைத்துவிட்டு, "இத்தோட ஏழு பேருகிட்ட இன்னும் பாக்கலன்னு சொல்லியாச்சு. எட்டாவது ஆள்கிட்டயாவது பாத்துடுங்க" என்றாள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருடத் திருமணத்தில் அவர் காதில் போட்டுக்கொள்ளாதவற்றை அடுக்கி வைக்க இன்னொரு வீடு வேண்டியிருக்கும்.

அந்த வெற்றியில் அவளுக்கும் பங்கு உண்டு. அதே பதிப்பகத்தில்தான் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். முதல் பதினேழு வருடம் மெய்ப்புத் திருத்தினாள். பதிப்பாளர் ஒலிநூலில் இறங்கியபோது, பிழை கண்டுபிடிக்கிற கண் உள்ளவளுக்குக் காதும் அப்படித்தான் இருக்கும் என்று அவரே முடிவுகட்டி அவளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். வாசிப்பவர் தடுமாறிய இடம், இருமிய இடம், ஒரே வரியை மூன்று தடவை வாசித்த இடம் எல்லாவற்றையும் கணினியில் வெட்டி ஒட்டிச் சீராக்குவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது.

ஒலிப்பதிவு அறை முன்பு காகிதக் கிடங்காக இருந்தது. தெருவில் லாரி போனால் உள்ளே கேட்கும். சத்தம் நிற்பதற்குச் சுவரில் அடிக்கிற பலகை வாங்கப் பதிப்பாளருக்கு மனம் வரவில்லை. விற்காமல் கிடந்த புத்தகக் கட்டுகளைத் தரையிலிருந்து கூரைவரை நான்கு பக்கமும் அடுக்கச் சொன்னார். லாரிச் சத்தம் அன்றோடு நின்றது. அந்தக் கட்டுகளில் முக்கால்வாசி எழுத்தாளரின் முதல் நாவல். "பத்து வருஷமா சும்மா கெடக்குதேன்னு கவலைப்பட்டேன். இதுக்குத்தான் கெடந்திருக்கு" என்று பதிப்பாளர் மகிழ்ந்துபோனார். இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. எழுத்தாளர் அந்த அறைக்கு வருவதுமில்லை. அதனால் தன் இரண்டாவது நாவல் தன் முதல் நாவலின் தயவில்தான் இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

பட்டியல் வந்த மறுநாள் விமர்சனம் வந்தது. எழுதியவர் ஓர் அம்மா. எழுத்துலகில் அவருக்கு ஊசி என்று பெயர், சத்தமில்லாமல் இறக்கிவிடுவார். இதே நாவல் அச்சில் வந்தபோது, "ஐந்தாம் அத்தியாயத்தோடு மூடி வைத்தேன். நாவல் என்னைவிட அதிகமாக அழுகிறது" என்று இரண்டே வரி எழுதியவர். எழுத்தாளர் அந்த இரண்டு வரியை இரண்டு வருடம் மென்றுகொண்டிருந்தார். இப்போது ஊசியம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் எதையும் வாசிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட, வேறு வழியில்லாமல் காதால் படித்திருக்கிறார்.

எழுத்தாளர் நடுக்கூடத்தில் நின்று விமர்சனத்தை உரக்க வாசித்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கணக்கு ஆசிரியரின் அலட்டலில்லாத குரல் இந்த நாவலுக்கு வாய்த்திருக்கிறது," என்று ஆரம்பித்தது. எழுத்தாளர் அந்த வரியை மட்டும் வேகமாகத் தாண்டினார். "ஆனால் என்னை உட்கார வைத்தது இருபத்தேழாம் அத்தியாயம். தாய் சாகக் கிடக்கிறாள். மகன் பேருந்தில் வருகிறான். பாலத்தில் லாரி பழுதாகி நிற்கிறது. பேருந்து நகரவில்லை. அடுத்த வரியில் தாயின் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டிலிருந்து அவன் கைக்கு வருகிறது. அவ்வளவுதான். மகன் வந்து சேரவில்லை. அவன் இல்லாத அறைக்குள் நூலாசிரியர் நம்மைக் கூட்டிப்போகவும் இல்லை. இவரிடம் இந்த நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை. தவறாக எடைபோட்டதற்கு வருந்துகிறேன்."

எழுத்தாளர் தாளைத் தாழ்த்தினார்.

"மகன் வந்து சேரலயா?" என்றார். "வந்து சேர்றானே. இறங்கி ஓடுறான். கைய புடிச்சுக்கிறான். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கேன்."

அவள் ஒரு துண்டை மடித்துவிட்டு அதையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"தூங்கிட்டாங்க போல," என்று எழுத்தாளரே முடிவுக்கு வந்தார். "கண்ணுல கட்டு. படுத்துக்கிட்டே கேட்டிருப்பாங்க. பாலத்துல தூங்கி, சாவி வாங்குற எடத்துல முழிச்சிருக்காங்க. பாவம், வயசாயிடுச்சில்ல." பிறகு பெருந்தன்மையோடு, "நான் சொல்லிக்காட்டப் போறதில்ல. பாராட்டணும்னு ஒருத்தங்க வந்தா நாமதான் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்றார்.

ஊசியம்மா தூங்கவில்லை. நாவலில் அந்த ஒன்றரைப் பக்கம் இருந்தது, ஒலிநூலில் இல்லை. எடுத்தது அவள்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் மாமியார் இறந்தார். மருத்துவமனையில் நான்கு நாள். கூட இருந்தது அவள் மட்டும். எழுத்தாளர் வேறு ஊரில் ஒரு கருத்தரங்குக்குத் தலைமை தாங்கப் போயிருந்தார். 'இன்றைய நாவலில் குடும்பம்' என்பது தலைப்பு. ரொம்ப முடியவில்லை என்று செய்தி போனதும் கிளம்பினார். வழியில் பாலத்தில் லாரி நின்றுவிட்டது. அதெல்லாம் உண்மை. நாலு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். அறையைக் கழுவிவிட்டு வேறு நோயாளியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

அந்த நாலு மணி நேரத்தைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் ஒன்றும் விசாரிக்கவும் இல்லை. அவளும் தானாக வாயைத் திறக்கவில்லை. அவர் ஆரம்பிப்பார், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அவர் பேசுவதற்குப் பதிலாக நாவல் எழுதினார்.

நாவலில் மகன் பேருந்திலிருந்து இறங்கி ஓடுகிறான். முக்குக் கடையில் பால் வாங்கக்கூட வண்டியை எடுக்கிற மனிதர், பாலத்தில் ஓடினாராம். யாரோ ஒருவன் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிறான். தாயின் கையைப் பிடித்துக்கொள்கிறான். தாய் பதினான்கு வரி பேசுகிறாள். "எழுது மகனே, எழுதுவதை நிறுத்தாதே" என்பது அதில் ஒரு வரி. அவள் மாமியார் உயிரோடும் தெம்போடும் இருந்த காலத்திலேயே சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசியவரில்லை. பேசுகிற ஒரு வாக்கியமும் நறுக்கென்று இருக்கும்.

மெய்ப்பு அவளிடம்தான் வந்தது. அந்தப் பக்கத்தை வாசித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுத்தாளர் ஆவலோடு வந்து, "இருபத்தேழு எப்படி இருக்கு?" என்றார். "மூணு எழுத்துப்பிழை" என்றாள். அவர் முகம் சுருங்கிப் போனது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் எழுத்தில் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினாலே மூன்று நாள் பேசாமல் இருக்கிறவர் என்பதால் அவளும் பிழையை மட்டும் திருத்தி அனுப்பினாள்.

ஒலிநூல் வேலையின்போது, குரல் கொடுக்க வந்த கணக்கு வாத்தியார் அந்தப் பக்கத்தை நன்றாகத்தான் வாசித்தார். பதினான்கு வரியையும் தேற்றம் நிறுவுவதுபோல் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் தடவை, "பேருந்து நகரவில்லை" என்ற வரிக்குப் பின்னால் வெட்டினாள். "வீட்டின் சாவி பக்கத்து வீட்டில் இருந்தது" என்ற வரியை அங்கே கொண்டுவந்து ஒட்டினாள். இடையில் இரண்டு வினாடி மௌனம் விட்டாள். தைத்த இடம் தெரியவே இல்லை. இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில், 'அந்தக் கையின் சூடு இன்னும்' என்று ஒரு வரி வந்தது. அதையும் எடுத்தாள். ஆரம்பித்த வேலையை அரைகுறையாக விடுவது அவளுக்குப் பழக்கமில்லை.

அவள் ஒன்றும் ரகசியமாகச் செய்ய நினைக்கவில்லை. பதிப்பகத்தில் ஒரு நடைமுறை இருந்தது. அத்தியாயம் ஒவ்வொன்றையும் நூலாசிரியர் முழுதாகக் கேட்டுவிட்டு, சரி என்று ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். அவர் கேட்பார், காணோம் என்று குதிப்பார், அன்றைக்குச் சண்டை வரும், சண்டையிலாவது அந்த நாலு மணி நேரத்தைப் பேசிவிடலாம். அவ்வளவுதான் அவள் கணக்கு. எழுத்தாளரோ முப்பத்தொரு சீட்டையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக விரித்து, ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "முழுசா கேட்டீங்களா?" என்றாள். "ஒரு எழுத்து விடாம" என்றார். தேதி போடுவதற்கு மட்டும் அவளிடம் அன்றைக்கு என்ன தேதி என்று விசாரித்தார்.

அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. அப்படியே அனுப்பிவைத்தாள். ஒரு வருடம் ஆகிறது.

வீம்புக்கு இப்போது விலை வந்து நின்றது. அடுத்த ஞாயிறு மாலை பாராட்டு விழா. மேடையில் இருபத்தேழாம் அத்தியாயத்தை ஒலிக்கவிடுவார்கள். அது முடிந்ததும் ஊசியம்மா எழுத்தாளரோடு உரையாடுவார். முந்நூறு பேர் முன்னால் அவர் தன் நாவலை முதல்முறையாகக் கேட்கப் போகிறார். கையெழுத்துப் போட்டதெல்லாம் பொய் என்பது ஒருபக்கம். தன் மனைவியே தன் எழுத்தை முதுகுக்குப் பின்னால் அறுத்தாள் என்பது அங்கேதான் தெரியவரும். காற்புள்ளிக்கு மூன்று நாள் என்றால் ஒன்றரைப் பக்கத்துக்கு எத்தனை நாள் என்று அவள் படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் பயமாக இருந்தது. அவர் அவள் கையில் எதையும் நம்பிக் கொடுக்கிறவர். அந்த நம்பிக்கை போய்விட்டால் அப்புறம் வீட்டில் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பதிப்பாளரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒன்றரைப் பக்கம் எடுத்ததுக்கே இவ்வளவு பாராட்டா," என்றார். "ஏம்மா, அந்த மொதல் நாவல்லயும் கொஞ்சம் கை வைக்கிறியா? சுவரெல்லாம் அதுதான் நிக்குது."

"சார், நான் விளையாட்டுக்குச் சொல்லல. மேடையில அவருக்குத் தெரிஞ்சுபோயிடும்."

"எப்படித் தெரியும்? மேடையில உக்காந்தா அவரு காதால எதையும் கேக்க மாட்டாரு. கூட்டத்த எண்ணிட்டு இருப்பாரு. முப்பது வருஷமா எத்தன எழுத்தாளர பாத்திருக்கேன்."

"அந்தம்மா கேள்வி கேப்பாங்களே."

"'வாசகர் தீர்ப்புக்கே விட்டுடுறேன்'னு சொல்லிடுவாரு. எல்லாக் கேள்விக்கும் அதுதான சொல்றாரு."

இது ஓரளவு உண்மைதான். ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

வாரம் முழுவதும் சொல்லிவிடப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அவர் கண்ணாடி முன் நின்று அடக்கமாகச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பல் தெரியலாமா, கூடாதா என்று அவளிடம் யோசனை கேட்டார். புதன்கிழமை ஏற்புரையை எழுதி வாசித்துக் காட்டினார். பதினோரு நிமிடம் வந்தது. கொடுத்திருப்பது மூன்று நிமிடம். "நான் வேணும்னா கொறச்சுத் தரவா?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவர் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "உன்கிட்ட கொடுத்தா வணக்கமும் நன்றியும்தான் மிஞ்சும்" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. வந்த பேச்சை மென்று விழுங்கினாள்.

வியாழக்கிழமை ஆரம்பித்தேவிட்டாள். "உங்க நாவல்ல ஒரு விஷயம் சொல்லணும்." அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லு சொல்லு, எந்த எடம் பிடிச்சுது?" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் யாருக்கு வாய் வரும். அட்டைப்படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை காலை, "கெளம்புங்க, அலுவலகம் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றாள். "புத்தகத்தையும் எடுத்துக்கங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு இருபத்தேழ போடப் போறாங்க. அங்க கருவியில ஒரு தடவ கேட்டுடுங்க. பேசுறப்ப கோர்வையா வரும்."

விடுமுறை நாளில் அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒலிப்பதிவு அறையின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். எழுத்தாளர் நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தார். கட்டுகளின் முதுகில் அவர் பெயர் கூரைவரை ஏறிப் போயிருந்தது.

"இத்தன பிரதி அடிச்சிருக்காங்களா," என்றார், குரலில் பெருமையோடு. அப்புறம் அவருக்கே உறைத்தது. "ஓ" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பின்வாங்கினால் இனி இந்தத் தைரியம் வராது.

"மெய்ப்புப் பாக்குற மாதிரி கேளுங்க. வரியில விரல் வெச்சுக்கிட்டே வாங்க."

கணக்கு வாத்தியாரின் குரல் ஆரம்பித்தது. எழுத்தாளர் விரலை வரியில் வைத்துக்கொண்டார். ஒரு பத்தி, இரண்டு பத்தி. தன் வாக்கியங்கள் காதுக்கு நன்றாக இருப்பதில் அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். பல் தெரியாமல் சிரித்தார். செவ்வாய்க்கிழமை பழகிய சிரிப்பு. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து பாலத்தில் ஏறியது. லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். பேருந்து நகரவில்லை.

இரண்டு வினாடி.

வீட்டின் சாவி பக்கத்து வீட்டில் இருந்தது.

விரல் நின்றது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது. பக்கத்தைப் புரட்டினார், மறுபடி திருப்பினார். அவள் ஒலியை நிறுத்தினாள்.

"ஒன்றரைப் பக்கம் காணோம்."

"நான்தான் எடுத்தேன்."

"தவறிப்போச்சா?"

"இல்ல. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்தார். சத்தம் போடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். சத்தமாக இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லல நீ," என்றார்.

"சொல்றதுக்குத்தான் எடுத்தேன். நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சண்ட வந்திருக்கும். முப்பத்தொரு சீட்டுலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க. ஒரு எழுத்து விடாம கேட்டேன்னீங்க."

"அதுக்காக?" அவர் எழுந்தேவிட்டார். "அந்தம்மா என்னப் பாராட்டல, உன்னப் பாராட்டியிருக்காங்க. நேர்மைங்கிறாங்க. நாளைக்கு எந்த முகத்த வெச்சுக்கிட்டு நான் உக்கார்றது? அது நாவல். நடந்தத நடந்த மாதிரியே எழுதணும்னு எங்கயாவது சட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவள் இந்தப் பேச்சை ஆறு வருடமாகப் பலவிதமாகப் பேசிப் பார்த்திருக்கிறாள். ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை.

"அந்தக் கைய புடிச்சுக்கிட்டு இருந்தது நான்," என்றாள். "நீங்க ஓடி வந்ததா எழுதினது எனக்குப் பெருசில்ல. வரணும்னு ஆசப்பட்டீங்க, எழுதிட்டீங்க. ஆனா அந்த ரூம்ல நான் இல்லவே இல்ல. நாலு நாள் இருந்தேன். எட்டாவது அத்தியாயத்துல மருமகள அவ அம்மா வீட்டுக்கு அனுப்பி வெச்சீங்க. முப்பத்தொண்ணு வரைக்கும் அவ திரும்பி வரல."

எழுத்தாளர் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"கதையில ஆள் ரொம்ப அதிகமா இருந்துச்சு," என்றார்.

சொல்லும்போதே அது எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவ இல்லாத ரூம எதுக்குக் கேக்கணும்னு எடுத்துட்டேன். நேர்மையெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம். அவ்வளவுதான்."

அவர் திரும்பி உட்கார்ந்தார். காற்புள்ளிக்கான மூன்று நாள் மௌனம் இங்கேயே ஆரம்பித்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள். வெளியே தெருவில் லாரி போயிருக்கலாம். புத்தகக் கட்டுகளைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ போடு," என்றார்.

போட்டாள். இந்த முறை அவர் புத்தகத்தைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாலம் வந்தது. பேருந்து நகரவில்லை. அந்த இரண்டு வினாடியில் அவர் தோள் இறங்குவதை அவள் பார்த்தாள். சாவி வந்தது. அவரே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"நான் எறங்கவே இல்ல," என்றார். "எறங்கி ஓடியிருக்கலாம். பக்கத்துல ஒருத்தர் எறங்கிப் போனாரு. எனக்குத் தோணல. தலைமையுரை நல்லா இருந்துச்சான்னு யோசிச்சுக்கிட்டு சன்னலோரமா உக்காந்திருந்தேன்."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். அடுத்த பதிப்புலயும் வேணாம்னு சொல்லிடு." பிறகு, "நாளைக்கு அந்தம்மா கேட்டா, என் பொண்டாட்டி வெட்டினான்னு சொல்லிடுறேன். கையெழுத்து விஷயத்தையும் சொல்லணுமா?" என்றார்.

"அத வாசகர் தீர்ப்புக்கே விட்டுடுங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மேசையில் இருந்த புத்தகத்தின் மூலையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவளைப் பார்க்காமல் பேசினார்.

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

ஆறு வருடமாகிவிட்டது. இதை அவர் கேட்கும்போது எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் ஒருநாளும் யோசித்து வைக்கவில்லை. கேட்பார் என்ற நம்பிக்கை எப்போதோ போயிருந்தது.

"மத்தியானம் முழிச்சாங்க. நீங்க பஸ்ல வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னேன். கண்ண மூடிக்கிட்டே கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. 'மெதுவா வரட்டும்'னாங்க."

"அவ்வளவுதானா?"

"இல்ல." அவள் தயங்கினாள். "'இப்ப வந்தா உக்காந்து அழுவான். அப்புறம் நான் எழுந்திரிச்சு அவனத் தேத்தணும். எனக்கு முடியாது'ன்னாங்க. சொல்லிட்டு சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் என் கைய புடிச்சுக்கிட்டாங்க."

எழுத்தாளர் சிரிக்கத்தான் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு போனது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, நாவலில் ஒரு இடத்திலும் இல்லாத மாதிரி, அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கருவியை அணைத்துவிட்டு எழுந்து அவரிடம் போனாள்.